மகளின் கால்

மழையில் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. முன்னால் நிற்பவற்றின் சிவப்பு விளக்குகள் கண்ணாடியில் கரைந்து வழிய, தேய்ந்துபோன வைப்பர் கீச்கீச்சென்று அவற்றைத் துடைத்துத் தள்ளுகிறது. பாடகர் பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறார். எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, ஒலிப்பதிவையும் தானே செய்த பாட்டு, நாளை வெளியாகிறது. இதுவும் படுத்துவிட்டால் இனி அவரைத் தேடி ஒருவரும் வரப்போவதில்லை. ஸ்டுடியோவின் விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் முகஸ்துதிதான் பாடும் என்பது அவர் கட்சி. அதனால் ஒவ்வொரு பாட்டையும் இந்த ஓட்டை வண்டியில், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் போட்டுப் பார்ப்பார். அவள் வாயை அவர் நம்புவதில்லை, காலைத்தான் நம்புவார். அரங்கம் அரங்கமாக ஆட்டிவைத்த அவர் பாட்டுகளுக்கெல்லாம் முதலில் ஆடியது அந்தக் கால்தான். கடைசி ஆல்பத்துக்கு அது அசையவில்லை; ஊரும் அசையவில்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான்ப்பா இருக்கு."

ஓரக்கண்ணால் கீழே பார்க்கிறார். ஈரச் செருப்பின் நுனி மெல்ல எழுந்து தட்டுகிறது. நிற்கிறதோ என்று பார்த்தால், மறுபடியும் தட்டுகிறது. அவருக்கு அப்போதுதான் மூச்சே வருகிறது. ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. பாட்டு முடிகிறது. வண்டிக்குள் மழையின் இரைச்சலும் வைப்பரின் கீச்சும்தான் மிச்சம். மகள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கால் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் காலைப் பார்க்கிறார், கண்ணாடியைப் பார்க்கிறார், மறுபடி காலைப் பார்க்கிறார். பிறகு தயங்கித் தயங்கிக் கையை நீட்டி வைப்பரை நிறுத்துகிறார்.

கால் நிற்கிறது.