கூண்டுக்கு முன்னால் நின்றவர்

நகராட்சி நாய்க் காப்பகத்தின் தலைமை மருத்துவர் கோகிலவாணிக்கு, லாரி டிரைவர் அங்கமுத்துவைப் பார்த்தாலே பயம்.

சங்ககிரி லாரிப் பட்டறையில் மூன்று பேரைக் கடித்த செவலை நாயைப் பிடித்து வந்து, தனிக் கூண்டில் அடைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவர் தினமும் வந்துவிடுகிறார். முறுக்கு மீசை, சிவந்த கண்கள். கூண்டையே வெறித்துப் பார்ப்பார். "இன்னும் உசுரோடதான் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

இன்று அவர் கையில் ஒரு பொட்டலம். கறிச்சோற்று வாசம் வந்தது. விஷம்தான் கலந்து கொண்டுவந்திருக்கிறார்! கோகிலவாணி கூண்டுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"அந்த விஷப் பொட்டலத்தைக் கீழ வைங்க. இல்லீன்னா போலீசைக் கூப்புடுவேன்."

"ஐயோ, விஷமெல்லாம் இல்லீங்கம்மா." ஒரு கறித்துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று காட்டினார் அங்கமுத்து. "அது நல்லாத் தின்னு, நல்லா இருக்கோணுமுங்க."

"அது மேல உங்களுக்கு என்னங்க அவ்வளவு அக்கறை?"

அவர் லுங்கியைத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் பல் பதிந்த காயம்.

"நாய் சாவாம இருந்தா, கடிபட்டவனுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அதானுங்க..."

"ஊசி போட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஊசின்னா பயமுங்கம்மா."

கோகிலவாணிக்கு இப்போதுதான் உண்மையான பயம் வந்தது. "ஜீப்பை எடுங்க, சீக்கிரம்!" என்று காப்பக ஊழியரிடம் கத்திவிட்டு, அங்கமுத்துவின் முரட்டுக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வாங்க சாமி. ஊசி போடறப்ப நான் கூடவே நிக்கறேன்."