அம்மாவின் கட்டைவிரல்

அம்மாவுக்கு வாய்க்கரிசி போடத் தம்பி தில்லையைக் கூட்டிவந்தேன். முப்பத்தாறு வயதானாலும் அவனுக்குக் குழந்தையின் புரிதல்தான். கூட்டத்தைக் கண்டதும் அவன் நெஞ்சு படபடத்தது. உடனே, வலிப்பு வருமோ என்று நாடியைக் கவனிக்க அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை, அவனை அமைதிப்படுத்த, அம்மா முன்பே பதிந்துவைத்த குரலில் பேசியது.

“ஒண்ணுமில்லடா தங்கம். அம்மா பக்கத்துலதான் இருக்கேன்.”

தில்லை கையிலிருந்த அரிசியைக் கீழே கொட்டிவிட்டுச் சிரித்தான். “அக்கா, அம்மா பேசுது. தூக்க வேணாம்னு சொல்லு.”

“அந்தக் கருமத்த முதல்ல கழட்டும்மா,” என்றார் சித்தப்பா.

பட்டை, பராமரிப்பவரின் கைரேகைக்குத்தான் திறக்கும். அதில் பதிந்திருந்தது அம்மாவின் ரேகை மட்டும்தான். சேர்த்துக் கட்டியிருந்த அம்மாவின் கட்டைவிரல்களை அவிழ்த்து, ஒன்றைப் பட்டையில் அழுத்தினேன்.

‘விரலில் நாடித்துடிப்பு இல்லை. மீண்டும் முயலவும்’ என்று எழுத்து ஓடியது.

மீண்டும் முயன்றேன். அதற்குள் வாசலில் சங்கு ஊதினார்கள். தில்லை நடுங்கினான்.

“ஒண்ணுமில்லடா தங்கம். அம்மா பக்கத்துலதான் இருக்கேன்.”

“சரிம்மா,” என்று பட்டையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டான். பாடையைத் தூக்கியபோது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.