ஊசி போன்ற இலை

பூங்காவில் ஒரு பைன் இலைக்குத் தலைக்கனம் அதிகம். மரத்தடிப் பலகையில் அதன் வடிவத்தை ஆங்கிலத்தில் ‘நீடில் லைக்’ என்று எழுதியிருந்தார்கள்.

“அப்படின்னா?” என்றது, பக்கத்துச் செடியில் முதல்முறையாகக் கூடு கட்ட வந்திருந்த தையல்சிட்டு.

“ஊசி மாதிரின்னு அர்த்தம். ஒல்லியா, கூர்மையா இருக்கோம்ல!”

“நல்லதாப் போச்சு அண்ணே! நாளைக்கு நான் முட்டை போட்டாகணும். இந்த ரெண்டு இலையையும் சேர்த்துத் தைச்சுக் குடுங்களேன்.”

பைன் இலை கெத்தாகக் குதித்து வந்தது. குத்தியது; வளைந்தது. மறுபடியும் குத்தியது, முனை ஒடிந்தது.

“உன் இலைதான் மட்டமான சரக்கு,” என்றது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பதறிப்போன சிட்டு, தன் அலகாலேயே இலையின் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தியது. ஓட்டை விழுந்துவிட்டது! அதில் சிலந்தி நூலைக் கோத்து இழுத்தது. அடுத்த குத்து, அடுத்த இழுப்பு என்று வேலை விறுவிறுவென நடந்தது.

“ஏய், உன் மூக்கை இங்கிலீஷ்ல என்னன்னு சொல்வாங்க?” என்று கீழே கிடந்த பைன் இலை கேட்டது.

சிட்டு அடுத்த தையலை இழுத்தது. அதன் வாயில் நூல் இருந்தது.

அன்று மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை, துளியும் நனையாத அந்தக் கூட்டில் முதல் முட்டை இருந்தது.