ரேடியோ சொன்ன பெயர்

ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவில் மூடுபனி பாதி கலைந்து நிற்கிறது. பத்து மணிக் கோப்பிக்காகப் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். செடியின் மேல் சாய்த்து வைத்த கங்காணி வீரப்பனின் ரேடியோ கரகரக்கிறது. நேயர் கவிதை வாசிக்கும் பெண்குரல், “மலைகூட இன்னும் போர்வையை விட்டு எழவில்லை, நாங்கள் எழுந்துவிட்டோம்” என்று நிறுத்தி, எழுதியவர் பெயரைச் சொல்கிறது. “திலகம், ஒம் பேருதான்லா!” என்று கங்காணி கத்துகிறார். எல்லா முகங்களும் திலகத்தின் பக்கம் திரும்பிச் சிரிக்கின்றன. பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளும் பாஞ்சாலையின் முகத்தைப் பார்க்க மட்டும் திலகத்துக்குத் துணிவில்லை. போன மாதம் ஒரு காலையில், குளிரில் விறைத்த விரல்களால் கொழுந்து கிள்ளிக்கொண்டே அந்த வரியைச் சொன்னவள் பாஞ்சாலை. திலகம் செய்ததெல்லாம், அன்று மாலை அதைத் தாளில் எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டு அனுப்பியதுதான். இப்போது பாஞ்சாலை எழுந்து வருகிறாள். இலைக்கறை ஏறிக் கறுத்த விரல்களால் பிளாஸ்க் மூடியில் கோப்பி ஊற்றித் திலகத்திடம் நீட்டுகிறாள். அவள் காதருகே குனிகிறாள். “அது நான் சொன்னதுன்னு யாருகிட்டயும் வாய விட்றாத புள்ள. கைநாட்டுக்காரி பேச்சையா எழுதி அனுப்புனேன்னு ஒன்னையத்தான் கேலி பண்ணுவாங்க.” கோப்பி சுடச்சுட ஆவி விடுகிறது. திலகம் மூடியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, சரியென்று தலையாட்டுகிறாள்.