மெத்தைச் சுவர்

இன்னொரு தரம் வயலின் சத்தம் கீழே கேட்டால், மாடம்பாக்கத்து மாடி வீட்டை ஜோசலின் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கார செல்லம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

சத்தத்தை அடக்க ஜோசலின் அறைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை. மிச்சமிருந்தது, கணவர் தனசிங் கடைசி மூன்று மாதம் படுத்திருந்த இலவம்பஞ்சு மெத்தை. "போனவரு மெத்தைய வெச்சுக்காதீங்க சிஸ்டர்" என்று சர்ச்சில் எல்லோரும் சொல்லியும், இந்த வீட்டுக்குக் கூடவே கொண்டுவந்திருந்தாள். அதைப் பிரித்துச் சுவர் முழுக்க ஆணியடித்தாள்.

சனிக்கிழமை மாலை கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டு வாசித்தாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

"கேட்டுச்சாக்கா?"

"வயலின் சுத்தமா கேக்கல. ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தர் ஒன், டூ, த்ரீ, ஃபோர்னு எண்ணுறாரே, அது பளிச்சுனு கேக்குது. யாரும்மா அது?"

ஜோசலின் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும்போது அவள் எப்போதும் தாளத்துக்கு முந்திக்கொள்வாள். தனசிங்தான் நாலு எண்ணி அவளை நிறுத்திவைப்பார். அறைக்குள் அவளுக்கு எதுவுமே கேட்டிருக்கவில்லை.

"அவரைக் கம்முனு இருக்கச் சொல்லு. இல்லாட்டி காலி பண்ணு."

"சரிக்கா. இன்னிக்கு ஒரே ஒரு தடவை."

மேலே போய்க் கதவைச் சாத்தினாள். செல்லம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வில்லைத் தந்தியின் மேல் வைத்தாள்.

"அக்கா, அவர் ஃபோர் சொன்னதும் சொல்லுங்க."

"ஏம்மா, உனக்குக் கேக்கலியா?"

ஜோசலின் வில்லை அசைக்காமல் காத்திருந்தாள். இந்த முறை முந்திக்கொள்ளவில்லை.

"சொல்லிட்டாரும்மா" என்றது போன்.