அப்பாவுக்குப் புது சிஸ்டம்

“அப்பாவுக்குக் கண்ணு கூசுது பாருங்க. திரையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிக்குங்க தம்பி” என்றான் மகன். சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்து, கட்டிலில் கிடந்த அப்பாவின் தலையை வாரத் தொடங்கினான்.

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனுக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. தினமும் நாலு வீடு ஏறி இறங்குகிறவன் அவன். கம்ப்யூட்டருக்கு உறை தைத்துப் போட்டுவிட்டு, பெற்றவர்களைக் கிழிந்த போர்வையோடு மூலையில் போட்டிருக்கும் வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறான். இங்கே பெரியவருக்குச் சலவைச் சட்டை, கழுத்து வரைக்கும் பவுடர், மடிப்புக்கூடக் கலையாத படுக்கை விரிப்பு. பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

“நாளைக்கு என் தங்கச்சி வர்றா, மூணு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்” என்றான் மகன். “இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய சிஸ்டத்துல பேங்க் பக்கமே திறக்க மாட்டேங்குது. அப்பாவோட பென்ஷனை நான்தானே பார்க்கணும்.”

கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து ஒரு வயர் கட்டில் வரைக்கும் போனது. அதன் நுனியில் அழைப்பு மணிக்கு இருப்பதுபோல ஒரு சிவப்புப் பொத்தான்.

“இது என்ன சார்?”

“அதுதான் அப்பாவோட வாய்” என்று சிரித்தான் மகன். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அசைகிறது இடது கட்டை விரல் ஒன்றுதான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டிய எழுத்து வரும்போது அவர் பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டர் சேர்த்துப் படித்துச் சொல்லும். “அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் எழுதிக் குடுத்த ப்ரோகிராம்.”

“புது சிஸ்டத்துல இது ஓடுமா சார்?”

“எழுதினவர்கிட்டயே கேட்டுட்டேன். ஜம்முனு ஓடும்னார்.”

சர்வீஸ்காரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. “ஒரு தடவை பேசச் சொல்லுங்க சார், கேட்கணும்போல இருக்கு” என்று ஆசையோடு திரையை இந்தப் பக்கம் திருப்பினான். பொத்தானை எடுத்துப் பெரியவரின் விரலடியில் அவனே வைத்தான். மகனின் சீப்பு பாதித் தலையில் நின்றது.

இரண்டே எழுத்துக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. பெரியவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

“பசி” என்றது கம்ப்யூட்டர்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “குறும்பைப் பார்த்தீங்களா. இப்பத்தான் ரெண்டு கிண்ணம் சூப் குடிச்சார், அதுக்குள்ள மறந்துட்டார் பாவம்.”

விரல் மறுபடி அசைந்தது. மகன் பொத்தானை மெல்ல உருவிக் கீழே வைத்தான். “போதும்பா. நாளைக்கு மகள்கிட்டப் பேசணுமில்ல, விரலைப் பத்திரமா வச்சுக்குங்க.” பிறகு சர்வீஸ்காரனிடம் திரும்பினான். “தங்கச்சி என்ன சொல்றா தெரியுமா தம்பி? அப்பாவையே நேரா கேட்டு முடிவு பண்ணுவாளாம், அண்ணன்கூட இருக்கீங்களா, என்கூட வர்றீங்களான்னு. வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவாளாம். ஏம்ப்பா, என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா?”

பெரியவரின் கண் நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்துச் சர்வீஸ்காரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் குனிந்துகொண்டு புது சிஸ்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தான்.

பன்னிரண்டு சதவீதம், முப்பது, அறுபத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போனது. மகன் டீயும் ஒரு தட்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தான். பெரியவரின் பார்வை அந்தப் பக்கமே இருந்தது. திரையைத் தட்டு மறைக்கிறதாக்கும் என்று சர்வீஸ்காரன் அதை எட்டத் தள்ளி வைத்தான்.

முடிந்ததும் சர்வீஸ்காரன் பொத்தானைப் பெரியவரின் விரலடியில் வைத்துவிட்டு, பேச்சு ப்ரோகிராமைத் திறந்தான். ‘இந்த சிஸ்டத்தில் இது இயங்காது’ என்று வந்தது. அவனுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் திறந்து பார்த்தான், மறுபடி மறுபடி அதே வரிதான். கட்டிலில் பெரியவர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். டிக், டிக் என்று பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது.

சர்வீஸ்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “சார், பெரிய தப்பு ஆயிடுச்சு. மன்னிச்சிடுங்க. எழுதினவரோட நம்பர் குடுங்க, நானே பேசறேன்.”

“அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு” என்றான் மகன்.

அதை யோசித்துப் பார்க்கச் சர்வீஸ்காரனுக்கு அப்போது நிதானம் ஏது, கட்டிலிலிருந்து அந்த டிக், டிக் கேட்டுக்கொண்டே இருந்ததே. சட்டென்று அவன் முகம் தெளிந்தது.

“பயப்படாதீங்க சார், வழி இருக்கு. பழைய சிஸ்டம் பத்து நாளைக்குக் கம்ப்யூட்டர் உள்ளயே பத்திரமா இருக்கும். அரை மணி நேரம் குடுங்க, பழையபடி திருப்பிடறேன். நாளைக்கு உங்க தங்கச்சி வரும்போது அப்பா தாராளமாப் பேசுவார்.”

மகன் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நிதானமாக மென்று விழுங்கினான். பிறகு அப்பாவின் விரலடியிலிருந்து பொத்தானை எடுத்து, வயரை அழகாகச் சுற்றத் தொடங்கினான்.

“அதையும் அழிச்சிடுங்க தம்பி.”