ஈரச் சுவரில் துரை

இருட்டிய பிறகு, மழையில் நனைந்த கிணற்றுச் சுவரில் 'சர்ர்ர்' என்று ஏதோ வழுக்கும் சத்தம் கேட்டது. வயிற்றிலிருந்த முட்டைகளைச் சுவரில் இடத் தண்ணீரிலிருந்து மேலே ஊர்ந்துகொண்டிருந்த நத்தைக்கு உயிரே போய் வந்தது.

பார்த்தால், பல்லி! காய்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் தலைகீழாக நடக்கும் துரை. "சீ, போற வழியெல்லாம் சளியைப் பூசுறவளே!" என்று பகலெல்லாம் அவளை ஏசியவர். இப்போது ஈரத்தில் கால் ஒட்டாமல், தண்ணீரை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அக்கா! உன் ஓட்டைப் பிடிச்சுக்கறேன்!"

நத்தைக்குப் பயம்தான். பிடி விட்டால் முட்டைகளோடு தானும் விழ வேண்டும். ஆனாலும் சளியைச் சுவரோடு அழுத்தி ஒட்டிக்கொண்டு, "ஏறித் தொலை" என்றாள்.

அவள் முதுகில் ஏறிய துரை, மேலே நனையாத பொந்துக்குள் தாவினார். மூச்சு வந்ததும் முதல் வேலையாக மனைவியிடம், "இவ பூசி வெச்ச சளியிலதான்டி வழுக்கினேன்! சுவத்தைத் துடைக்கச் சொல்லு" என்றார்.

பல்லியம்மா எட்டிப் பார்த்தாள். "கேட்டுச்சா? நல்லா துடைச்சிட்டுப் போ."

"நல்லா கேட்டுச்சு தாயே. அடுத்த மழைக்கு உங்க வீட்டுக்காரர் உங்க முதுகையே பிடிச்சுக்கட்டும்" என்றாள் நத்தை.

பொந்திலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய், முட்டைகளைச் சுவரில் பத்திரமாக ஒட்டவைத்தாள். மேலேயிருந்து இன்னும் ஏச்சு வந்துகொண்டிருந்தது. நத்தை தண்ணீருக்குள் இறங்கி, ஓட்டுக்குள் உடம்பைச் சுருக்கி, ஓட்டு வாயின் மூடியை இழுத்து உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டாள்.